பொம்மை உடைந்தால், தொலைந்தால்: ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு எப்படித் துணை நிற்பது?

ஒரு பொம்மைக் காரின் சக்கரம் கழன்று விழுகிறது. இன்னொரு குழந்தையாக இருந்தால் கொஞ்ச நேரம் அழுதுவிட்டு வேறு விளையாட்டுக்குப் போய்விடும். ஆட்டிசம் உள்ள குழந்தை அன்றிரவு தூங்காமல் இருக்கலாம், சாப்பாட்டைத் தள்ளிவிடலாம், பல வாரம் கழித்தும் "சக்கரம் எங்கே?" என்று கேட்டுக்கொண்டே இருக்கலாம். பார்ப்பவர்கள் "ஒரு பொம்மைக்கா இவ்வளவு?" என்பார்கள். அதற்கான விடை தெரியாமல் செய்கிற எந்த உதவியும் பாதியில் நின்றுவிடும் என்பதால், அங்கிருந்தே தொடங்குவோம்.

லியோ கானர் என்ற குழந்தை மனநல மருத்துவர் 1943-ல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரைதான் ஆட்டிசத்தை ஒரு தனி நிலையாக மருத்துவ உலகுக்குக் காட்டியது. எல்லாம் இருந்தது இருந்தபடியே இருக்க வேண்டும் என்ற தவிப்பை அவர் அதில் முக்கியமான அடையாளமாகக் குறித்தார். உடைந்த பொருள்களும் முழுமையில்லாத பொருள்களும் அந்தக் குழந்தைகளைக் கலங்கவைத்ததையும் எழுதினார். அவர்களில் ஒரு சிறுவன் தினமும் போகிற வழியில் ஒரு கேரேஜ் கதவின் குறுக்குச் சட்டம் உடைந்திருந்ததைப் பார்த்துவிட்டு, வாரக்கணக்கில் அதைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தான். இத்தனைக்கும் அது அவன் பொருள்கூட இல்லை.

காரணம் அதோடு நிற்பதில்லை. பொருள்களுக்கும் வலிக்கும், தனியாக விட்டால் அவையும் வருந்தும் என்று உணர்கிற குழந்தைகள் உண்டு. ஆட்டிசம் உள்ள பெரியவர்களே தங்கள் சிறுவயதைப் பற்றி இப்படிச் சொல்கிறார்கள். அந்தக் குழந்தையிடம் "வெறும் பிளாஸ்டிக்தானே" என்பது ஆறுதலாகாது. இன்னும் அடியில் போனால், அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாத நிலைதான் பெரிய வேதனை. உடைந்தது சரியாகுமா, தொலைந்தது திரும்பி வருமா என்பதற்கு ஒரு முடிவு கிடைக்காதவரை குழந்தையைப் பொறுத்தவரை அந்தச் சம்பவம் இன்னும் நடந்துகொண்டே இருக்கிறது. அதனால் என் யோசனைகள் எல்லாம் ஒரே திசையில்தான் போகும்: கொஞ்சுவதற்கும் சமாதானம் சொல்வதற்கும் முன்னால், உண்மையான, தெளிவான ஒரு பதில்.

படி 1: இந்தப் பொம்மைக்கு என்ன வேலை என்று பாருங்கள்

பொம்மை என்றால் விளையாடத்தான் என்று நினைத்துவிடுகிறோம். ஒரு சுருள் கம்பியைக் கண்ணருகில் ஆட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும் குழந்தை, அதை வைத்துத்தான் இரைச்சலான அறையைத் தாங்கிக்கொள்கிறது. அது காணாமல் போனால் நஷ்டம் இரண்டு. பொருள் போனது ஒன்று. அந்த வருத்தத்தைத் தணித்துக்கொள்ளக் கையில் இருந்த ஒரே வழியும் கூடவே போனது இன்னொன்று.

ஆகவே பொம்மை நன்றாக இருக்கும்போதே சில நாள் கவனியுங்கள். எப்போது அதைத் தேடுகிறது? விரலால் தடவுகிறதா, முகர்கிறதா, காதருகில் வைத்துக் கேட்கிறதா, வாயில் வைக்கிறதா? வரிசையாக அடுக்கும் குழந்தை என்றால் நடுவில் ஒன்றை எடுத்தால் உடனே தெரிந்துகொள்கிறதா? கையில் பிடித்திருப்பதற்கு மட்டும் என்றால் அதே எடை, அதே வழவழப்பு உள்ள வேறொரு பொருள் பின்னால் உதவலாம். வாசனைக்காக என்றால் புதிதாக வாங்கியது உதவாது. துவைத்ததே கூடப் பிரச்சினையாகும். தொகுப்பில் ஒன்று குறைந்ததுதான் வேதனை என்றால், மீதி எல்லாம் இருக்கிறதே என்ற சமாதானம் எடுபடாது. ஒரு துண்டு தொலைந்த புதிர்ப்படம் அந்தக் குழந்தைக்கு முழுவதும் கெட்டுப்போன புதிர்ப்படம்.

அது கடையில் வாங்கிய பொம்மையாகவே இருக்க வேண்டும் என்பதும் இல்லை. பாட்டில் மூடி, கயிற்றுத் துண்டு, ஒரு சாவி எதுவானாலும் சரி. குப்பை என்று நினைத்து வீட்டில் யாராவது வீசிவிடும் ஆபத்து இவற்றுக்குத்தான் அதிகம். வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்.

படி 2: முன்கூட்டியே செய்துவைக்க வேண்டியவை

இந்த விஷயத்தில் பாதி வேலை பொம்மை உடைவதற்கு முன்னால் முடிய வேண்டியது.

ஒரு பொருள்மேல் பிடிப்பு உண்டாகிறது என்று தெரிந்ததுமே அதேபோல் இன்னொன்று வாங்கிவிடுங்கள். வாங்கிப் பெட்டியில் பூட்டிவைப்பதில் பயனில்லை. ஒரு வருடம் கழித்து எடுத்தால் பழையது மங்கி, மிருதுவாகி, குழந்தையின் வாசனையோடு இருக்கும். புதியது பளபளவென்று கடையின் வாசனையோடு இருக்கும். குழந்தைக்கு அது வேறு பொருள். ஆரம்பத்திலிருந்தே இரண்டையும் மாற்றி மாற்றிக் கொடுத்தால் இரண்டும் ஒரே மாதிரி தேயும். இரண்டு இருப்பதைக் குழந்தையிடமிருந்து மறைக்கவும் வேண்டாம். ரகசியம் வெளிப்பட்டு, எது உண்மையானது என்ற குழப்பம் வந்தால் சமாளிப்பது கஷ்டம். தயாரிப்பாளர்கள் ஒரு பொம்மையை நிறுத்திவிடுவது சகஜம், ஆகவே தள்ளிப்போடாதீர்கள்.

பொம்மையை நான்கு பக்கமும் படம் எடுத்து வையுங்கள். அடியில் அச்சிட்டிருக்கும் தயாரிப்பு எண்ணும் படத்தில் தெரியட்டும். பழைய பொருள் விற்பவர்களிடம் தேடும்போது அந்த எண்தான் கைகொடுக்கும். சில தயாரிப்பாளர்கள் தொலைந்த உதிரிப் பாகங்களைத் தனியாக அனுப்பவும் செய்கிறார்கள்.

பொம்மைக்கு ஒரு நிலையான இடம் வேண்டும். அலமாரித் தட்டில் அதன் வடிவத்தைச் சுற்றிக் கோடு வரைந்துவைத்தால், இடம் காலியாக இருப்பது உடனே கண்ணில் படும். படுக்கப் போகும் நேரத்தில் கண்டுபிடிப்பதைவிட மாலையிலேயே கண்டுபிடிப்பது எவ்வளவோ மேல். வெளியே கொண்டுபோகும் பொருளில் உங்கள் தொலைபேசி எண்ணை எழுதித் தைத்துவிடுங்கள். புளூடூத் டிராக்கர் (பொருள் இருக்கும் இடத்தைப் போனில் காட்டும் சின்னக் கருவி) பொருத்தலாம், ஆனால் அதற்குள் பெரும்பாலும் இருப்பது பட்டன் பேட்டரி, அதாவது நாணயம் போன்ற சின்ன வட்ட பேட்டரி. குழந்தையின் விரலுக்கு எட்டாதபடி பொம்மையின் உள்ளே வைத்து அழுத்தமாகத் தைக்க முடிந்தால் மட்டும் செய்யுங்கள்.

படி 3: அமைதியான நாளில் சொற்களைக் கற்றுக்கொடுங்கள்

அழுது துடிக்கும் நேரத்தில் எந்தப் புதிய சொல்லும் ஏறாது. "உடைஞ்சு போச்சு", "காணோம்", "சரி பண்ணலாம்", "சரி பண்ண முடியாது" என்ற நான்கும் குழந்தைக்கு ஏற்கெனவே பழகியிருக்க வேண்டும். பேச்சு வராத குழந்தையின் பட அட்டைத் தொகுப்பை எடுத்துப் பாருங்கள். "வேண்டும்", "போதும்", "தண்ணீர்" எல்லாம் இருக்கும். "உடைந்தது", "காணோம்" இருக்காது. அப்படியானால் தன் துக்கத்தைச் சொல்ல அந்தக் குழந்தைக்கு அழுகையைத் தவிர வேறென்ன இருக்கிறது?

பழக்குவதற்குச் சின்னச் சின்ன உடைசல்கள் போதும். பென்சில் முனை உடைந்தது, சீவினோம், எழுதுகிறது. தாள் கிழிந்தது, டேப் ஒட்டினோம். பலூன் வெடித்தது, சரி பண்ண முடியாது. (வெடிச் சத்தத்துக்குப் பயப்படும் குழந்தை என்றால் பலூன் வேண்டாம், ஊதிய சோப்புக் குமிழி உடைவதே போதும்.) குழந்தைக்குப் பிரியமானதை வேண்டுமென்றே உடைத்துப் பழக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அது பயிற்சியாகாது, உங்கள்மேல் இருக்கும் நம்பிக்கைதான் உடையும்.

கரோல் கிரே என்ற ஆசிரியை 1991-ல் அறிமுகப்படுத்திய சோஷியல் ஸ்டோரி முறை இதற்கு நன்றாகப் பொருந்தும். ஒரு சூழ்நிலையில் என்ன நடக்கும், மற்றவர்கள் என்ன செய்வார்கள் என்பதைக் குழந்தையின் பார்வையில் சொல்கிற சின்னக் கதை. நீங்களே எழுதலாம்:

"சில நேரம் பொம்மை உடைந்துவிடும். உடைந்தால் எனக்கு அழுகை வரலாம். அழலாம். அப்பா பொம்மையைப் பார்ப்பார். சில பொம்மைகளைச் சரிசெய்ய முடியும். சில பொம்மைகளைச் சரிசெய்ய முடியாது. எது என்று அப்பா என்னிடம் சொல்வார்."

"நான் அழ மாட்டேன், நல்ல பிள்ளையாக இருப்பேன்" என்று முடிக்க ஆசை வரும். அதை எழுதாதீர்கள். "சில நேரம்", "வரலாம்" போன்ற சொற்களும் சும்மா போட்டவை இல்லை. "அப்பா சரிசெய்துவிடுவார்" என்று எழுதினால் குழந்தை அதை அப்படியே எடுத்துக்கொள்ளும். முடியாத நாளில் அப்பா பொய்யராகிவிடுவார்.

படி 4: உடைந்த அந்த நிமிடம்

முதலில் பாதுகாப்பு. கூர்மையான துண்டுகளையும் சின்னப் பாகங்களையும் கையில் சேர்த்துக்கொள்ளுங்கள். உணவல்லாதவற்றை வாயில் போடும் பழக்கம் ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடம் கூடுதல். பட்டன் பேட்டரியைக் குழந்தை விழுங்கிவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்துக்குள் கடுமையாகப் புண்ணாக்கிவிடும். சின்னக் காந்தங்களும் அப்படித்தான்: இரண்டு உள்ளே போனால் குடலை நடுவில் வைத்து ஒன்றையொன்று இழுத்துத் துளைத்துவிடும்.

ஆனால் துண்டுகளை உடனே குப்பையில் போட்டுவிடாதீர்கள். குழந்தை பார்க்க ஒரு பெட்டியில் வையுங்கள். உடைந்ததைப் பார்க்கவே பயப்படும் குழந்தைகளும் உண்டு. அவர்களுக்குப் பெட்டியை மூடிவிட்டு, அது எங்கே இருக்கிறது என்று மட்டும் சொன்னால் போதும்.

அப்புறம் பேச்சு. குறைவாக, மெதுவாக: "கார் உடைஞ்சு போச்சு. அம்மா இங்கதான் இருக்கேன்." அவ்வளவுதான். "எப்படி உடைஞ்சது? யார் பண்ணினது? அப்பவே சொன்னேன்ல?" எல்லாம் அந்த நேரத்தில் வெறும் இரைச்சல்.

அழுகை முற்றி, கத்தல், தரையில் விழுவது, தலையை மோதுவது என்று போனால் அது மெல்ட்டவுன். அடம்பிடிப்பதோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அடம்பிடிக்கும் குழந்தைக்கு ஒரு நோக்கம் இருக்கும், நாம் பார்க்கிறோமா என்று ஓரக்கண்ணால் கவனிக்கும். மெல்ட்டவுனில் இருக்கும் குழந்தைக்குத் தன்மேல் கட்டுப்பாடு இருக்காது. கேட்டதைக் கொடுத்தாலும் உடனே நிற்காது. வெளிச்சத்தைக் குறையுங்கள், டிவியை அணையுங்கள், வேடிக்கை பார்ப்பவர்களை அனுப்பிவிடுங்கள், தலைக்குக் கீழே மெத்தென்று ஏதாவது வையுங்கள், பக்கத்தில் இருங்கள். கட்டிப்பிடித்தால் சில குழந்தைகள் அடங்கும், சில குழந்தைகளுக்கு அது நெருப்பைத் தொட்டதுபோல. உங்கள் குழந்தை எந்த வகை என்பது உங்களுக்குத்தான் தெரியும். அடங்கிய பிறகும் களைப்பு நீண்ட நேரம் இருக்கும். பாடம் நடத்தும் நேரம் அதுவும் இல்லை.

எதுவும் நடக்காததுபோல் இருக்கும் குழந்தைகளும் உண்டு. சிலர் சிரிக்கக்கூடச் செய்வார்கள். கவலையே இல்லை என்று முடிவுகட்டிவிட வேண்டாம். சில நாள் கழித்துத் திடீரென்று வெடிக்கும்போது காரணம் புரியாமல் விழிக்க நேரும்.

சொல்லக் கூடாதது ஒன்று உண்டு. நம் வீடுகளில் எதைக் காணோம் என்றாலும் குழந்தையிடம் "காக்கா தூக்கிட்டுப் போயிடுச்சு" என்று சொல்லிவிடுவது எளிது. சொன்னதைச் சொன்னபடி நம்புகிற குழந்தை நாளெல்லாம் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும், அல்லது காக்கையைக் கண்டாலே அலறும். "ஊருக்குப் போயிருக்கு, வந்துடும்" என்பதும் அதே ரகம். "அப்புறம் தேடலாம்" கூட ஆபத்துதான். அப்புறம் என்றால் எப்போது? "சாப்பிட்டு முடிச்சதும் தேடுவோம்" என்று சொன்னால் புரியும்.

படி 5: சரிசெய்ய முடியுமா என்று முடிவு சொல்லுங்கள்

பார்த்துவிட்டு மூன்றில் ஒரு பதிலைச் சொல்லுங்கள்: சரிசெய்யலாம், முடியாது, நாளைக்குள் பார்த்துச் சொல்கிறேன். மூன்றாவதைச் சொன்னால் காலண்டரில் குறித்துக் காட்டி, சொன்ன நாளில் கட்டாயம் பதில் சொல்ல வேண்டும்.

உடைந்தது என்று குழந்தை நினைப்பது சில நேரம் பேட்டரி தீர்ந்ததாக இருக்கும். பாட்டு இழுத்து இழுத்துப் பாடுவது நமக்குச் சாதாரணம், குழந்தைக்கு அது தன் பொம்மை செத்துக்கொண்டிருக்கும் ஓசை. பேட்டரி மாற்றுவதைக் குழந்தையின் கண்முன்னே செய்யுங்கள்.

ஒட்டுவதென்றால் பசை காயும்வரை காத்திருப்பதுதான் சிக்கல். சூப்பர் குளூ சில நொடியில் பிடித்தாலும் முழு பலம் வர ஒரு நாள் ஆகும். அதற்குள் கையில் கொடுத்தால் மறுபடி உடையும், இரண்டாவது அதிர்ச்சி முதலாவதைவிட மோசம். பொம்மையை ஒரு கண்ணாடிப் பெட்டியில் குழந்தை பார்க்கிற மாதிரி வைத்து, பக்கத்தில் "நாளை காலை" என்ற படத்தையும் ஒட்டுங்கள். பாட்டில் மூடிபோல் மெழுகுத்தன்மையோடு வழுக்கும் பிளாஸ்டிக்குகளில் சூப்பர் குளூ சரியாகப் பிடிக்காது. அவற்றை நூலாலோ திருகாணியாலோ கட்டுவதுதான் வழி. வாயில் வைக்கும் பொருளுக்குப் பசையே வேண்டாம்.

ஒட்டிய தழும்பு தெரியும், அதை முன்னாலேயே சொல்லிவிடுங்கள்: "இங்க ஒரு கோடு இருக்கும். கார் ஓடும்." பழையபடியே ஆகிவிடும் என்று வாக்குக் கொடுத்தால் அந்தக் கோடே அடுத்த அழுகைக்குக் காரணமாகும். சில குழந்தைகள் பசை தடவவும் திருகாணி சுற்றவும் கூட வருவார்கள். வர விருப்பமில்லாத குழந்தையை இழுக்க வேண்டாம்.

படி 6: தொலைந்தது என்றால்

உடைந்ததைவிடத் தொலைந்தது கடினம். உடைந்த பொம்மை கண்முன்னே இருக்கிறது, அதற்கு ஒரு முடிவு சொல்ல முடியும். தொலைந்தது எங்கோ இருக்கிறது என்பதால் தேடலுக்கு முடிவே இல்லை. பல குழந்தைகள் இரவு இரண்டு மணிக்கும் எழுந்து சோபாவைப் புரட்டுவது இதனால்தான்.

ஆகவே தேடலுக்கு நீங்கள் ஓர் உருவம் கொடுக்க வேண்டும். தேடப்போகும் இடங்களைப் படமாகவோ எழுத்தாகவோ ஒரு தாளில் வரிசைப்படுத்துங்கள்: கட்டிலுக்கு அடியில், துணிக்கூடை, காரின் இருக்கைக்கு இடையில், பள்ளிப் பை. ஒவ்வொன்றையும் சேர்ந்து பார்த்து, இல்லை என்றால் தாளில் அந்த வரியைக் கோடு போட்டு அடித்துவிடுங்கள். குழந்தையின் கையில் பென்சில் இருக்கட்டும். வெளியில் தொலைந்திருந்தால் கடைசியாக அது கையில் இருந்த இடத்துக்குப் படத்தோடு போய்க் கேளுங்கள் அல்லது போன் செய்யுங்கள். போன் செய்வதும் தாளில் ஒரு வரி. எல்லா வரியும் அடிபட்டதும் கடைசியில் "தேடி முடித்தோம்" என்ற அட்டை. "இனிமேல் நாம தேடலை. யாராவது பார்த்தா நமக்குச் சொல்வாங்க" என்று உள்ளதைச் சொல்லுங்கள்.

கேள்வி அதோடு நிற்காது. ஒரே கேள்வி, அதே குரலில், ஒரு நாளைக்கு நாற்பது தடவை வந்தாலும் ஆச்சரியமில்லை. குழந்தைக்குப் பதில் மறந்துவிடவில்லை. பதில் மாறாமல் இருக்கிறதா என்று சரிபார்த்துக்கொள்கிறது. அதனால் ஒவ்வொரு தடவையும் அதே வார்த்தைகள். வீட்டில் எல்லோரும் ஒரே வாக்கியத்தைச் சொல்ல வேண்டும். பாட்டி ஒன்று, அப்பா ஒன்று சொன்னால் கேள்வி இரட்டிப்பாகும். வாக்கியத்தை ஓர் அட்டையில் எழுதி அலமாரியில் ஒட்டினால், கேட்கும்போது அதைச் சுட்டிக்காட்டலாம். உங்கள் தொண்டைக்கும் ஓய்வு.

படி 7: மாற்றும் விடைபெறுதலும்

"புதுசு வாங்கித் தரேன்" என்று உடனே சொல்வது பெரியவர்களின் அனிச்சைச் செயல். புதியதைக் கொண்டுவந்து நீட்டினால் குழந்தை அதைத் தூக்கி எறிய எல்லா வாய்ப்பும் உண்டு. நன்றிகெட்டதனம் என்று நினைக்காதீர்கள். பழையதின் இடத்தில் பொய்யாக ஒன்றை வைக்கிறோம் என்றுதான் அதற்குத் தோன்றுகிறது. புதியதை "இரண்டாவது கார்" என்று வேறு பெயரோடு, வேறு இடத்தில், ஒன்றும் சொல்லாமல் வைத்துவிடுங்கள். தானாகத் தொடும்வரை விடுங்கள். தொடவே இல்லை என்றாலும் சரி.

உடைந்த துண்டை வைத்துக்கொள்ள ஆசைப்பட்டால், ஆபத்தில்லாத பட்சத்தில் விட்டுவிடுங்கள். பொம்மையின் படத்தை அச்சிட்டுக் கொடுப்பதும் சில குழந்தைகளுக்குப் போதுமானதாக இருக்கிறது. குப்பைக்குத்தான் போக வேண்டும் என்றால் குழந்தைக்குத் தெரிந்து போகட்டும்; தெரியாமல் போட்டால் உடைந்த பொம்மை தொலைந்த பொம்மையாகிவிடும், தேடல் மறுபடி தொடங்கும்.

தொலைந்தது பல மாதம் கழித்துக் கிடைத்தால் திடீரென்று கையில் கொடுத்து ஆச்சரியப்படுத்தாதீர்கள். முதலில் வாயால் சொல்லிவிட்டு, அப்புறம் காட்டுங்கள்.

சுற்றியிருப்பவர்கள், திரைகள், உதவி

அண்ணனோ தங்கையோ உடைத்திருந்தால் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்கவைப்பதில் யாருக்கும் லாபமில்லை. உடைத்த அண்ணனுக்கோ தங்கைக்கோகூடத் தன் பொருளுக்கென ஒரு பூட்டும் இடம் தேவை. பள்ளியில் வகுப்பு ஆசிரியரிடமும் ஸ்பெஷல் எஜுகேட்டரிடமும் (சிறப்புத் தேவை உள்ள குழந்தைகளுக்கான ஆசிரியர்) பொம்மையின் படத்தையும் நீங்கள் பயன்படுத்தும் அதே வாக்கியங்களையும் எழுதிக் கொடுங்கள்.

குழந்தையே திரும்பத் திரும்ப உடைக்கிறதென்றால், முறியும் சத்தமோ கையில் தெரியும் அழுத்தமோ பிடித்திருக்கலாம். முறிக்கச் சுள்ளி, கிழிக்கப் பழைய தாள், கடிக்க அதற்கென விற்கும் கடிப்பான் கொடுத்துப் பாருங்கள்.

டேப்லெட் திரையில் விரிசல், அழிந்துபோன கேம் சேமிப்பு, ஒரே இரவில் நிறம் மாறிய செயலியின் சின்னம்: இவையும் உடைந்த பொம்மைகள்தான். தானியங்கி அப்டேட்டை நிறுத்திவைத்து, குழந்தையிடம் சொல்லிவிட்டு நீங்களே செய்யுங்கள்.

பல நாள் தூக்கமோ சாப்பாடோ இல்லை, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்கிறது, பேசிக்கொண்டிருந்த குழந்தை பேச்சை நிறுத்திவிட்டது என்றால் குழந்தை மருத்துவரைப் பாருங்கள். பொம்மை ஒரு சாக்காக இருந்து, பின்னால் காதுவலியோ பல்வலியோ பள்ளியில் ஏதோ சிக்கலோ இருக்கவும் கூடும். போகும்போது எந்தத் தேதியில் எது உடைந்தது, அன்றிலிருந்து தூக்கம், சாப்பாடு, கழிப்பறைப் பழக்கம் எப்படி மாறின என்று ஒரு பக்கத்தில் குறித்து எடுத்துச் செல்லுங்கள். ஆக்குபேஷனல் தெரபிஸ்டிடம் (அன்றாட வேலைகளுக்கும் புலன் சார்ந்த தேவைகளுக்கும் பயிற்சி தருபவர்) போவதாக இருந்தால் அந்தப் பொம்மையையோ அதன் படத்தையோ கூடவே கொண்டுபோங்கள். குழந்தை அதில் எதைத் தேடியது என்று அவரால் கண்டுபிடிக்க முடியும்.